‘ஒண்ணும் பண்ணாதும்மா!’

காலை ஐந்தே முக்கால் மணி. அந்த நேரத்துக்கே நெய்வேலி டவுன்ஷிப் ரோடுகளில் ஆள் நடமாட்டம் இருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு வருகிறவர்கள், காலை ஷிப்ட்டுக்குப் பறக்கிறவர்கள், சர்க்கரையைக் குறைக்க நடக்கிறவர்கள், தூக்கோடு பால் வாங்கப் போகிறவர்கள். நானும் மணியும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி. மணி எங்கள் வீட்டு நாய். அப்பா லேப்ரடார், அம்மா பக்கத்து வட்டத்துத் தெருநாய். எடை இருபத்தெட்டு கிலோ.

அன்றைக்குச் செயின் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. இருக்க வேண்டிய இடம் மணியின் கழுத்து. வளைவில் திரும்பியதும் எதிரே ஒரு வயதான அம்மா, கையில் பால் தூக்கு. மணிக்கு மனிதர்களைக் கண்டால் தலைகால் புரியாது. வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடியது. “ஒண்ணும் பண்ணாதும்மா, பயப்படாதீங்க!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் தூக்கு ரோட்டில் உருண்டிருந்தது. மணி பாலை நக்கிக்கொண்டிருந்தது. கடிக்கவில்லை, குரைக்கக்கூட இல்லை. அந்த அம்மா ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்துச் சொன்னார்:

“அது ஒண்ணும் பண்ணாது தம்பி, சரி. நான் விழுந்தா எலும்பு சேருமா? எழுபத்திமூணு வயசாகுது எனக்கு.”

பாலுக்குக் காசு நீட்டினேன். வாங்கவில்லை.

நாய் வளர்க்கிறவர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம் இந்த ‘ஒண்ணும் பண்ணாது’தான். அதற்குச் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் நிறைய: ‘சும்மா குரைக்கும், கடிக்காது’, ‘குழந்தைங்கன்னா இதுக்கு ரொம்பப் பிடிக்கும்’, ‘விளையாடக் கூப்பிடுது சார்’. எல்லாமே நாயைப் பற்றிய நற்சான்றிதழ். எதிரே நிற்பவர் யார் என்ற கேள்வி இவற்றில் எதிலுமே கிடையாது. அவர் சின்ன வயதில் கடிபட்டுத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட தலைமுறையாக இருக்கலாம். கர்ப்பிணியாக இருக்கலாம். அவர் கையிலும் ஒரு நாய் இருக்கலாம். அது பயந்த சுபாவம் உள்ளதாக இருக்கலாம்.

நெய்வேலி, நாயோடு நடப்பதற்கென்றே போட்டது போன்ற ஊர். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, திட்டம் போட்டுக் கட்டிய நகரியம். வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ், அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், வீட்டுக்கு வீடு தோட்டம். தோட்டம் இருந்தால் மாமரம் வரும், பலா வரும், கூடவே ஒரு நாயும் வந்துவிடும். பெயரிலேயே வேலியை வைத்திருக்கிற ஊர் இது. ஆனால் வேலி எங்கே முடிகிறது என்பதில் நாய்க்கும் நமக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கேட்டுக்கு வெளியே இருக்கும் பத்தடி ரோடும் தனக்குப் பட்டா போட்ட இடம் என்பது நாயின் கட்சி. கேட்டைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே பேப்பர் படிக்கிற நாம் அந்தப் பட்டாவில் கையெழுத்துப் போடுகிறோம்.

குவார்ட்டர்ஸ் ஊருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பிள்ளையின் சென்னை ஃபிளாட்டுக்குப் போகிறவர், நாயைக் கூட்டிப்போக வழியில்லாமல், ‘அக்கம்பக்கத்துல சோறு போடுவாங்க’ என்று விட்டுவிட்டுப் போய்விடுவதும் நடக்கிறது. அது பழைய கேட்டுக்கு முன்னால் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கும். புதிதாகக் குடிவந்தவர் அதன் கண்ணுக்குத் திருடன். அவரைக் குரைத்து விரட்டினால், ‘தெருநாய்த் தொல்லை’ என்று மனு போகும். அந்தத் தெருநாய்க்குச் சில மாதம் முன்பு வரை பெல்ட்டும் பெயரும் தடுப்பூசி அட்டையும் இருந்தன.

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை இரவு. சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்கா. காவலாளியின் குடும்பம் பூங்காவுக்குள்ளேயே தங்கியிருந்தது. அவருடைய ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. காப்பாற்றப் போன தாய்க்கும் காயம். குழந்தைக்குத் தலையில் அறுவை சிகிச்சை நடந்தது. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். தமிழ்நாடே அதிர்ந்துபோன செய்தி. அப்போது பேச்செல்லாம் நாயின் இனத்தைப் பற்றியே இருந்தது. எனக்கு உறுத்தியது அந்த இடம். நாயைக் கூட்டி வந்தவருக்கு அது வாக்கிங் போகிற பூங்கா. அந்தக் குழந்தைக்கு அது வீட்டு வாசல்.

அடுத்த வருடம், 2025 ஆகஸ்டில், சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் இறந்தார். தடுக்கப் போன உரிமையாளரையும் அது விடவில்லை. அதன் பிறகு மாநகராட்சி வேகம் எடுத்தது. செல்லப்பிராணிகளுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். பிட்புல், ராட்வைலர் இனங்களுக்குப் புதிய உரிமம் கிடையாது என்று டிசம்பரில் முடிவாயிற்று.

சென்னையின் விதி சென்னைக்கு. நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் ஒன்று வெகுகாலமாக இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 289-வது பிரிவு. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 291. தன் வசம் இருக்கும் விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாடு செய்யாமல் அலட்சியமாக இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள், நாய் கடித்த பிறகுதான் வழக்கு என்று அதில் இல்லை. அலட்சியமே குற்றம்.

இனத்தைத் தடை செய்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பெயரை மாற்றி, கலப்பு என்று சொல்லி விற்கத் தெரியாத வியாபாரி இல்லை. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் வேறு வழியில் யோசித்தது. 2013 முதல் அங்கே புதிதாக நாய் வளர்க்க விரும்புகிறவர் பரீட்சை எழுத வேண்டும். பிறகு நாயோடு பொது இடத்தில் நடந்து காட்டியும் தேற வேண்டும். டிரைவிங் லைசென்ஸ் மாதிரி. நம் ஊரில் அப்படி வைத்திருந்தால், அந்தப் பால் தூக்குக் காலையில் நான் ஃபெயில்.

சரி, நடந்து காட்டுவது எப்படி? அதற்குப் பிறகுதான் நானும் கற்றுக்கொண்டேன். மணிக்கு மனிதர்கள் மேல் ஆசை, ஆனால் செயினில் இருக்கும்போது மற்ற நாய்களைக் கண்டால் வெறி. அவிழ்த்துவிட்டால் இத்தனை வெறி இல்லை. காரணம் கேட்டபோது கால்நடை மருத்துவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “கோபம் பாதி உங்க கையிலதான் சார் இருக்கு” என்றார். நாய்களுக்குள் ஒரு மரியாதை உண்டு: நேருக்கு நேர் வரக்கூடாது, வளைந்து வந்து பக்கவாட்டில் மோந்து பார்க்க வேண்டும். நாம் ரோட்டோரம் நேர்கோட்டில் நடத்திக்கொண்டு போகிறோம். எதிரே நாயைப் பார்த்ததும் பயந்து செயினை இறுக்குகிறோம். இறுக்கினால் தலை நிமிர்கிறது, நெஞ்சு முன்னே வருகிறது. அந்தப் பக்கத்து நாய்க்கு அது ‘வாடா பார்க்கலாம்’ என்ற தோரணை.

வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். மணி பார்ப்பதற்கு முன் நான் பார்த்துவிட வேண்டும்; எதிர்ச் சாரிக்குப் போய்விட வேண்டும். செயின் ஊஞ்சல் கயிறு போலத் தொய்ந்து கிடக்க வேண்டும். சட்டைப் பையில் அவித்த முட்டைத் துண்டுகள். எதிர் நாயைப் பார்த்தபடியே மணி முட்டையை வாங்கித் தின்றால் தூரம் சரி. முட்டையை மூக்கில் இடித்தாலும் திரும்பவில்லை என்றால் ரொம்ப நெருங்கிவிட்டோம்; பின்வாங்கு. முதல் வாரம் அந்தத் தூரம் நாற்பது அடி. மூன்று மாதத்தில் பத்தடி ஆயிற்று. இன்றைக்கும் ஐந்தடி ஆகவில்லை. ஆக வேண்டிய அவசியமும் இல்லை.

முகத்தைப் படிக்கவும் பழக வேண்டும். வாலாட்டினால் நட்பு என்பது அரை உண்மை. உடம்பு முழுக்கக் குழைந்து ஆட்டினால் நட்பு. உடம்பு விறைத்து, வால் மட்டும் கொடிமரம் போல நின்று துடித்தால் விலகு. காரணமில்லாமல் உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று அது கெஞ்சுவது. அடுத்தது உறுமல். உறுமினால் நம் ஆட்கள் அடிக்கிறார்கள். அடிபட்ட நாய் உறுமுவதை நிறுத்திவிடும், கடிப்பதை அல்ல. ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்ற பழமொழியை நம்பி நாய் வளர்க்காதீர்கள். குரைக்கிற அந்தக் கணத்தில் கடிக்காதுதான்; வாய் வேலையாக இருக்கிறது.

வாய்மூடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் துணிப்பட்டை வாயை இறுக்கி மூடிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். கத்திரி வெயிலில், அதுவும் கடலூர் மாவட்டத்தில், அதைக் கட்டி நடத்துவது கொலைக்குச் சமம். கூடை மாதிரியான வாய்மூடிதான் சரி. வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கடிக்க முடியாது. கூடைக்குள் முட்டைத் துண்டைப் போட்டுப் பழக்கினால் தானே மூக்கை நுழைக்கும்.

தெருநாய்கள் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை முடியாது என்பார்கள். 2024-ல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம். 2025-ல் உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் இரண்டு உத்தரவு, நவம்பரில் ஒன்று போட்டது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது நவம்பர் உத்தரவு. அது தனிப் பெருங்கதை. வீட்டு நாயோடு போகிறவருக்கு ஒரே ஒரு தந்திரம் சொல்கிறேன்: குடை. தெருநாய்கள் சூழ்ந்தால் உங்கள் நாயை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு குடையைப் படக்கென்று விரியுங்கள். பாதிக் கூட்டம் கலையும். கல்லைக் குனிந்து எடுக்க நேரம் இருக்காது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டு நாய் கடித்தாலும் அப்படியே.

அந்த அம்மாவை இப்போதும் வாரத்தில் நாலு நாள் பார்க்கிறேன். தூரத்தில் தலை தெரிந்ததுமே எதிர்ச் சாரிக்குப் போய், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் “உட்காரு” என்பேன். மணி உட்காரும். வால் மட்டும் மண்ணைப் பெருக்கும். பல வாரம் அவர் நாயைப் பார்க்கவே இல்லை; செயின் என் கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். போன மாதம் ஒருநாள் நின்றார். தூக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

“உட்காருன்னா உட்காருதே! எங்க வீட்டுப் பேரன் கேக்க மாட்டேங்கறான் தம்பி” என்றார்.