தராசும் சம்பளக் கணக்கும் பேசிக்கொள்வது எப்படி?

நம் பிள்ளைகளில் பலர் கணிப்பொறித் துறையில் இருக்கிறார்கள். 'ஏ.பி.ஐ.' என்ற சொல் அவர்கள் பேச்சில் அடிக்கடி வரும். என்னவென்று கேட்டால், "ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி" என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். ரயில்வே சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டே இதை விளக்க முற்படுகிறேன். எடுத்துக்காட்டுக்கு, நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம்.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்பு பல இடங்களில் பதிவாகிறது. வருகை செக்ரோலில், கொழுந்தின் எடை தராசில், மாதச் சம்பளம் அலுவலகக் கணக்கில், பிடித்தம் வருங்கால வைப்பு நிதியில். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு உண்டு. ஒரு கிலோ விடுபட்டாலும் கூலி குறையும். 2015-இல் மூணாறில் தோட்டப் பெண்கள் 'பெண்பிளை ஒருமை' என்று திரண்டு போராடியது போனசுக்காகவும் கூலிக்காகவும்தான். அவர்களுக்குக் கணக்கு என்பது வெறும் காகிதம் அன்று.

முன்பு ஒரு பேரேட்டைப் பார்த்து இன்னொன்றில் கையால் எழுதினார்கள். கணிப்பொறி வந்த பிறகும், வருகைக்கு ஒரு மென்பொருள், சம்பளத்துக்கு வேறொன்று என்று இருந்தால், நடுவில் ஒருவர் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்யவேண்டியதுதான். 46 கிலோ 64 ஆகலாம். 64 கிலோ 46 ஆகவும் ஆகலாம். இந்த நடுவேலையை நீக்குவதே ஏ.பி.ஐ.

இரண்டு ரயில் நிலையங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த நிலையத்துக்குள் போய் லீவரை இழுக்க முடியாது. "லைன் கிளியர் உண்டா?" என்று வகுத்த முறைப்படி கேட்பார்; மறுமுனை வகுத்த முறைப்படி பதில் தரும். அதற்குச் சான்றாக ஒரு 'பிரைவேட் நம்பர்' கொடுக்கப்படும். ஒரு முறை கொடுத்த எண்ணை அடித்துவிடுவார்கள். ஏ.பி.ஐ.யும் இப்படித்தான். சம்பள மென்பொருள் தராசின் மென்பொருளுக்குள் நுழைவதில்லை. "இந்தத் தொழிலாளி எண், இந்தத் தேதி, எத்தனை கிலோ?" என்று கேட்கிறது, பதில் வருகிறது.

இதில் மூன்று காவல்கள் வேண்டும். முதலாவது, கேட்பவர் யார் என்று காட்டும் ரகசியச் சாவி. எல்லாருக்கும் எல்லாக் கணக்கையும் திறந்துவிடக் கூடாது. இரண்டாவது, ஒவ்வொரு எடைக்கும் தனி எண். மலையில் மழை பெய்தால் தொடர்பு அறுந்துபோகும். கருவி அதே எடையை மறுபடி அனுப்பும். தனி எண் இருந்தால்தான், "இது முன்பே வந்தது" என்று மறுமுனை ஒதுக்கும். இல்லையேல் ஒரே கூடை இரண்டு முறை கணக்கில் ஏறும். மூன்றாவது, கிடைத்ததற்கு ஒப்புதல். ஒப்புதல் வரும்வரை அனுப்பியவர் தம் பதிவை அழிக்கக் கூடாது.

ஒன்றை மறக்கக் கூடாது. ஏ.பி.ஐ. சரியான எண்ணைக் கொண்டுபோகும் அதே வேகத்தில் தவறான எண்ணையும் கொண்டுபோகும். தராசில் தவறாக ஏறிய எடை சம்பளத்திலும் தவறாகவே விழும். பெயரும் அப்படித்தான். தோட்டப் பதிவில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஓய்வுக் காலத்தில் வைப்பு நிதிப் பணம் கைக்கு வருவது தடைப்படலாம்.

2014-இல் வந்த 12 இலக்க யு.ஏ.என். எண், வேலை மாறினாலும் மாறாதது. ஊரில் தோட்ட வேலையில் இருக்கும் பெற்றோரோ உறவினரோ உள்ளவர்கள், அடுத்த விடுமுறையில் அவர்களது யு.ஏ.என். எண்ணையும், ஆதாரில் உள்ள பெயரையும், சம்பளச் சீட்டையும், வைப்பு நிதிப் பாஸ்புக்கையும் அருகருகே வைத்து ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். எடைச்சீட்டு தந்தால் சம்பளம் வரும்வரை பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். உழைத்தவர் கையிலும் ஒரு சான்று இருக்கட்டும்.