வெறுங்குலையிலிருந்து பெட்ரோல் எடுக்க முடியுமா?

மலேசியாவில் செம்பனை எண்ணெய் ஆலைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதுதான். குலைகளை நீராவியில் அவித்துப் பழங்களை உதிர்த்த பின், வெறுங்குலைகள் ஒரு பக்கம் மலைபோல் குவிந்து கிடக்கும். 100 கிலோ குலையில் கிடைக்கும் எண்ணெய் ஏறக்குறைய 20 கிலோ. வெறுங்குலையும் அதற்குக் குறையாமல் மிஞ்சுகிறது. இந்தக் கழிவிலிருந்து பெட்ரோல் எடுக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

எடுக்கலாம். ஆனால் அதற்கு ஒரு கல் வேண்டும்.

காற்றுப் புகாத கலத்தில் வெறுங்குலைத் தூளை 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சட்டென்று சூடாக்கினால் அது எரியாது, ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர வைத்தால் கருநிறத் திரவம் வரும். பேருக்குத்தான் எண்ணெய், வண்டியில் ஊற்ற முடியாது. அமிலத் தன்மையால் இரும்பை அரிக்கும், நாள்பட்டால் கெட்டியாகிவிடும். அதில் பிராணவாயு மிகுதியாகக் கலந்திருப்பதே காரணம்.

அந்தப் பிராணவாயுவை விரட்டுவதுதான் ஜியோலைட் என்ற கல்லின் வேலை. நாம் வாங்கும் சலவைத்தூள் பலவற்றில் இதன் ஓர் இனம் உண்டு. 1756-இல் சுவீடன் கனிமவியலாளர் ஆக்செல் குரோன்ஸ்டெட் இக்கல்லைச் சூடாக்கியபோது உள்ளிருந்த நீர் ஆவியாகிக் கொப்பளித்தது. ஆகவே ‘கொதிக்கும் கல்’ என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். நீர் இருந்த இடமெல்லாம் நுண்துளைகள். செயற்கையாகத் தயாரிக்கப்படும் இசட்.எஸ்.எம்-5 என்ற வகையில், துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 20 லட்சத்தில் ஒரு பங்குதான்! ஆவியின் மூலக்கூறுகள் இத்துளைகளில் நுழைந்ததும், சுவரிலுள்ள அமில இடங்கள் பிராணவாயுவை நீராகவும் கரியமில வாயுவாகவும் பிரித்துத் தள்ளுகின்றன. மிஞ்சியவை ஒன்றுசேர்ந்து பென்சீன், டொலுவீன், சைலீன் ஆகின்றன. துளைக்குப் பொருந்தாத பெரிய மூலக்கூறு வெளியே வரவே முடியாது. வீட்டுச் சல்லடை பிரிக்க மட்டுமே செய்யும். இது பொருளை மாற்றியும் கொடுக்கிறது.

பிறகு ஏன் இன்னும் பெட்ரோல் நிலையத்துக்கு வரவில்லை?

அதே துளைகள்தான் காரணம். கொஞ்ச நேரத்திலேயே அவற்றில் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். காற்றைச் செலுத்தி எரித்தால் துளை திறக்கும். ஆனால் எரிந்து போகும் கரி, எரிபொருளாகியிருக்க வேண்டிய பொருளல்லவா? அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் மரச்சீவல்களை வினையூக்கியால் எண்ணெயாக்க ஆலை கட்டிய கியோர் நிறுவனம், எதிர்பார்த்த அளவு எண்ணெய் கிடைக்காமல் 2014-இல் திவாலானது.

வெறுங்குலையில் இன்னொரு சிக்கல் பொட்டாசியம். இது கல்லின் அமில இடங்களை முடக்கிவிடும். தோட்டத்துக்கோ அது உரம். அதனால்தான் பல தோட்டங்களில் வெறுங்குலையை மரத்தடியில் பரப்புகிறார்கள். ஆகவே, ‘கழிவு’ என்று முன்பு சொன்னதை நான் திருத்திக்கொள்ள வேண்டும்!

குலையை நீரில் அலசினால் பொட்டாசியத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். அந்த நீரைத் தோட்டத்துக்கு விட்டு, நாரை மட்டும் எண்ணெயாக்கலாம். ஆனால் ஆலையிலிருந்து வரும்போதே வெறுங்குலையின் எடையில் பாதிக்கு மேல் ஈரம். அதை உலர்த்தவே எரிபொருள் வேண்டும். செம்பனை ஆலைகள் பழநாரையும் கொட்டை ஓடுகளையும் எரித்துத் தங்களுக்கான நீராவியைத் தாங்களே தயாரிக்கின்றன. அந்தக் கொதிகலனிலிருந்து வீணாகும் சூட்டை உலர்த்தும் வேலைக்குத் திருப்ப முடிந்தால் கணக்கு மாறலாம். அப்போதும், பெட்ரோலைவிட பென்சீன் போன்ற இரசாயனங்களுக்கே இவ்வழி முதலில் கட்டுப்படியாகும் என்று நினைக்கிறேன்.