டர்போவுக்குத் துணையாக ஒரு சூப்பர்சார்ஜர்

ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் கார் ஒரு கணம் தயங்கி, பிறகு சட்டெனப் பாய்வதைப் பழைய டர்போ கார்களை ஓட்டியவர்கள் அறிவார்கள். ஏன் அந்தத் தயக்கம்? டர்போவைச் சுழற்றுவது இன்ஜின் வெளியேற்றும் சூடான புகை. இன்ஜின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு. அதனால் டர்போவின் சக்கரம் வேகம் பிடிக்க நேரமாகிறது.

சூப்பர்சார்ஜர் காத்திருக்காது. பெல்ட் வழியே இன்ஜினோடு சேர்ந்தே சுழன்று, டர்போவைப் போலவே காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். ஆனால் அதைச் சுழற்றும் சக்தியை இன்ஜினே தர வேண்டும். வேகம் ஏற ஏற அந்தச் சுமையும் ஏறும்.

இரண்டையும் ஒரே இன்ஜினில் பொருத்தினால்? இத்தாலியின் லான்சியா, டெல்டா எஸ்4 ராலி காரில் அதைத்தான் செய்தது. 1985 நவம்பரில் பிரிட்டனின் ஆர்ஏசி ராலியில் அறிமுகமான அந்தக் கார், ஹென்றி டோய்வோனென் ஓட்ட, முதல் உலகப் போட்டியிலேயே வென்றது. இன்ஜின் வெறும் 1,759 சிசி!

2005-இல் ஃபோக்ஸ்வாகன் இந்த உத்தியைக் கோல்ஃப் காருக்குக் கொண்டுவந்தது. அந்த 1.4 லிட்டர் இன்ஜினின் வேலைப்பங்கீடு மிக அழகானது. காற்று முதலில் சூப்பர்சார்ஜருக்கும், அடுத்து டர்போவுக்கும் போகும். நிமிடத்துக்கு 3,500 சுழற்சியைத் தாண்டினால் டர்போ மட்டுமே போதும். அப்போது காந்த கிளட்ச் சூப்பர்சார்ஜரை விடுவிக்க, ஒரு மடல் திறந்து காற்றை நேராக டர்போவுக்கு அனுப்பும். விளைவு, 1,750 சுழற்சியிலேயே 240 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை.

கூடுதல் கருவி, கிளட்ச், குழாய்கள் என்று செலவும் சிக்கலும் கூடின. சிறிய, வேகமாகச் சுழலும் டர்போக்கள் வந்ததும் ஃபோக்ஸ்வாகன் ஒற்றை டர்போவுக்கே திரும்பியது.