உங்களுக்குத் தெரியுமா? கணவாய் பிரித்த இரு பாடகர்கள்

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவே பாலக்காட்டுக் கணவாய். இரு பக்கமும் சோலைக்காடுகளில் வெவ்வேறு சோலைக்கிளிகள் பாடுகின்றன. இவை கிளியினம் அல்ல. ஈப்பிடிப்பான் குடும்பத்துச் சிறு பறவைகள்.

■ நீலகிரி சோலைக்கிளி: கணவாய்க்கு வடக்கே. நீல மார்பு, செம்பழுப்பு விலா.

■ வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி: கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலை, பழனி மலைகளில். விலாவும் நீலமே, வயிறு வெள்ளை.

■ மரபணு ஆய்வுக்குப் பின், 2017இல் இவற்றுக்கு ‘சோலிகோலா’ என்ற தனிப் பேரினம் வகுக்கப்பட்டது.

■ உலகில் வேறெங்கும் இல்லாத இவ்விரண்டும் அழியும் ஆபத்தில் உள்ளன. தேயிலை, யூகலிப்டஸ், சீகைத் தோட்டங்கள் சோலைகளைத் துண்டாக்கியதே முக்கியக் காரணம். கணவாயின் சமவெளியை இவை கடப்பதில்லை. இருக்கும் சோலையைக் காப்பதே ஒரே வழி.