கெப் வண்டிக்கு நல்ல எண்ணெய் வடிகட்டியைத் தெரிந்தெடுத்தல்

கண்டி நகரைச் சூழவுள்ள மாரஸ்ஸன, ஹங்குரன்கெத்த, தெல்தெனிய ஆகிய பகுதிகளில் விளையும் மரக்கறிகள் சந்தையை அடைவது பெரும்பாலும் கெப் வண்டிகளினாலும் சிறு லொறிகளினாலுமே ஆகும். நெல் மூடைகளும் பசளையும் ஏறிவருவதும் அவ்வண்டிகளிலேதான். கண்டியிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் ஏறக்குறைய 72 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. மாலையிற் பறித்த போஞ்சியை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட வண்டி, மாத்தளைக்கு அப்பால் எஞ்சின் இறுகி நின்றுவிடின், அன்றைய விளைவு அங்கேயே வாடும். எஞ்சினைத் திருத்தும் செலவோ ஒரு போகத்தின் இலாபத்தை விழுங்கிவிடும். இத்தகைய நட்டத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் மிகச் சொற்பப் பணத்தினால் தடுக்கக்கூடிய ஒன்றைப் பற்றியே இங்கு கூறப்படுகின்றது. அது எண்ணெய் வடிகட்டியாகும். கடைகளில் ஒயில் பில்டர் என்று கேட்டு வாங்கப்படுவது இதுவே.

எஞ்சினின் அடித்தட்டிலுள்ள எண்ணெயைப் பம்பி உறிஞ்சி, வடிகட்டியினூடாகச் செலுத்தி, கிராங்க் தண்டைத் தாங்கும் பெயரிங்குகளுக்கு அனுப்புகின்றது. தண்டுக்கும் பெயரிங்குக்கும் இடையேயுள்ள வெளி ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு சிலவே. தலைமயிரின் தடிப்பு அவ்வெளியிற் புகாது என்று கொள்ளலாம். அவ்வெளியை எண்ணெய்ப் படலம் நிரப்பி நிற்கும்வரை உலோகம் உலோகத்தோடு உராய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத மணற்றுகள் ஒன்று அங்கே புகுந்தால், அது பெயரிங்கின் மெல்லிய உலோகத்தைச் சுரண்டுகின்றது. சுரண்டப்பட்ட உலோகம் மேலும் சுரண்டுவதற்குக் கருவியாகின்றது. இத்துகள்களைத் தடுத்து நிறுத்துவதே வடிகட்டியின் தொழில்.

நமது பகுதியின் வேலை எஞ்சினுக்கு இலேசான வேலையன்று. பாரமேற்றிய வண்டி றம்பொடை ஏற்றத்திலும் கடுகண்ணாவைக் கணவாயிலும் தாழ்ந்த கியரில் நெடுநேரம் இழுக்கின்றது. வயலுக்கும் கொழுந்து மலைக்கும் செல்லும் மண் பாதைகளில் வரட்சிக் காலத்திற் செம்புழுதி எழுகின்றது. வீட்டிலிருந்து கடைவரை இரண்டு மைல் ஓடி நிற்கும் வண்டியில் எண்ணெய் நன்றாகச் சூடேறுவதுமில்லை. அதனால் அதிற் சேரும் ஈரம் ஆவியாகாது தங்கிவிடுகின்றது. வண்டி செய்தோரின் கைநூல்கள் இவை யாவற்றையும் கடுமையான பாவனை என்றே வகுத்து, சாதாரண பாவனைக்குச் சொல்லும் கால எல்லையைக் குறைத்துக் கூறுகின்றன. இன்னுமொன்றையும் கருதுதல் வேண்டும். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் பரவலாகத் திறக்கப்பட்டமையால், பழைய வண்டிகளையே வைத்துக் காப்பாற்ற வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. தேய்ந்த எஞ்சின் அழுக்கைக் கூடுதலாக உண்டாக்கும். ஆகவே அதற்கு மலிவு வடிகட்டி போதும் என்பது தலைகீழான எண்ணம்.

இனி, வெளித்தோற்றத்திற் பானை போன்றிருக்கும் இப்பொருளின் உள்ளே என்ன உண்டு என்பதை அறிந்தால், தெரிந்தெடுத்தல் எளிதாகும். நடுவிலே துளைகளுள்ள ஒரு குழாய். அதனைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வடிதாள். இரு முனைகளிலும் மூடிகள். ஒரு றப்பர் வால்வு. ஒரு வில் வால்வு. விலையின் வேறுபாடு முழுவதும் இவற்றிலேயே அடங்கியுள்ளது. வெளிநிறமும் பெட்டியின் பளபளப்பும் எதையும் வடிப்பதில்லை.

வடிதாளின் மடிப்புகள் ஒரே அளவாயும் நெருக்கமாயும், மூடியோடு பசையினால் முற்றாக ஒட்டப்பட்டும் இருத்தல் வேண்டும். ஒட்டாத இடத்தில் ஒரு சிறு வெடிப்பு இருப்பினும் எண்ணெய் அவ்வழியே வடிபடாமற் செல்லும். சில பெட்டிகளில் “10 மைக்கிறோன்” என்று மட்டும் அச்சிட்டிருப்பர். மைக்கிறோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. அவ்வளவான துகள்களில் நூற்றுக்கு எத்தனை வீதம் பிடிபடும் என்று கூறாவிடில் அவ்வெண்ணுக்குப் பொருளில்லை. “20 மைக்கிறோனில் 99 வீதம்” என்பது போன்று, ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற சோதனை முறையையும் குறிப்பிட்டுச் சொல்லும் கூற்றே மதிக்கத்தக்கது.

றப்பர் வால்வு, எஞ்சின் நின்றபின் எண்ணெய் வடிகட்டியிலிருந்து திரும்பி வழிந்து போகாமற் தடுப்பது. வடிகட்டி பக்கவாட்டிலோ தலைகீழாகவோ பொருத்தப்படும் வண்டிகளில் இது மிக முக்கியம். காலையில் எஞ்சினை இயக்கியதும் சில விநாடி “கடகட” என்ற ஓசை கேட்டு, எண்ணெய் விளக்கும் தாமதித்து அணையுமாயின், இவ்வால்வு பழுதாயிருத்தல் கூடும். சிலிக்கோன் வால்வு சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். சாதாரண கறுப்பு றப்பர் நாளடைவில் விறைத்துவிடும். சிலிக்கோன் பெரும்பாலும் செம்மஞ்சள் நிறமாயிருப்பினும், நிறத்தை மட்டும் நம்பலாகாது. சாயம் மலிவானது.

வில் வால்வைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும், ஏனெனில் பெரும்பாலான தவறுகள் இதிலேயே நிகழ்கின்றன. தாள் அழுக்கால் அடைபட்டாலும், நுவரெலியாவின் குளிர்ந்த காலையில் எண்ணெய் தடித்திருந்தாலும், இவ்வால்வு திறந்து எண்ணெயை வடிக்காமலேயே எஞ்சினுக்கு விடுகின்றது. எண்ணெயின்றி ஓடுவதிலும் அழுக்கெண்ணெயோடு ஓடுதல் மேல் என்பதே இதன் நியாயம். ஆயின் இது எந்த அமுக்கத்தில் திறத்தல் வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். சில எஞ்சின்களில் இவ்வால்வு எஞ்சினின் உடலிலேயே இருப்பதால் வடிகட்டியில் இருப்பதில்லை. ஆகவே “புரி ஒத்துப்போகின்றது, ஆதலாற் பொருந்தும்” என்று கூறிக் கொடுக்கப்படும் வடிகட்டியை ஏற்றல் ஆகாது. ஹைலக்ஸுக்கு உரியதும் டிமோ பட்டாவுக்கு உரியதும் வேறு வேறு. ஒரே பெயருடைய வண்டியிலும் எஞ்சின் மாறினால் வடிகட்டி மாறும். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேளாது, எஞ்சின் இலக்கத்தையும் கைநூலிலுள்ள பாக இலக்கத்தையும் எழுதிக் கொண்டு சென்று கேட்டல் நன்று. புரி ஒத்த நீளமான வடிகட்டி அழுக்கைக் கூடக் கொள்ளும் என்று சிலர் விரும்புவர். வால்வு ஒவ்வாது போகலாம் என்பதோடு, அது கீழே தொங்கிக் கல்லிற் படவும் கூடும்.

கடையில் வாங்கும்போது வாய்மூடியை அகற்றி உள்ளே பார்க்கலாம். புரிகளில் இரும்புச் சீவல் இருத்தலாகாது. ஆட்டினால் உள்ளே எதுவும் உருளும் ஓசை வரலாகாது. றப்பர் வளையம் தன் பள்ளத்தில் நன்கு அமர்ந்திருத்தல் வேண்டும். அச்செழுத்து மங்கியும் எழுத்துப்பிழையோடும் இருப்பின் அது போலியாயிருக்கலாம். பேர்பெற்ற சின்னம், அதன் வழக்கமான விலையிற் பாதிக்குக் கிடைப்பதும் ஐயத்துக்குரியதே. பற்றுச்சீட்டுக் கொடுக்கும் கடையில் வாங்குதலே மேல்.

எனினும் உண்மையான சோதனை கழற்றிய பழைய வடிகட்டியிலேயே உள்ளது. இதனைச் செய்வோர் மிகச் சிலர். எண்ணெய் முற்றாக வடிந்தபின், கராஜிலுள்ள வெட்டுங் கருவியால் அதன் விளிம்பைச் சுற்றி வெட்டித் திறக்கச் செய்க. அரத்தால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து மயக்கும். தாளை வெட்டியெடுத்து விரித்துப் பார்த்தால், மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கசங்கியுள்ளனவா, நடுக்குழாய் நசுங்கியுள்ளதா, பசை விட்டுள்ளதா என்பன புலப்படும். இக்குறைகள் இருப்பின் அடுத்த முறை அவ்வகையை வாங்கலாகாது. தாளில் மினுங்கும் துகள்கள் காணப்படின் ஒரு காந்தத்தை அருகே பிடிக்க. காந்தத்தில் ஒட்டுவன இரும்பு. ஒட்டாத செப்பு நிறத் துகள்கள் பெயரிங்கின் உட்படை தேய்வதைக் காட்டக்கூடும். இவை தொடர்ந்து கண்ணிற்படுமளவுக்கு இருப்பின், பாரமேற்றிப் புறப்படுமுன் மெக்கானிக்கிடம் காட்டுதல் அவசியம்.

கை உழவு இயந்திரங்களின் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் கம்பிவலை வடி உண்டு. அதனைக் கழுவி மீண்டும் போடுவர். அப்பழக்கத்தினாற் கெப் வண்டியின் தாள் வடிகட்டியையும் மண்ணெண்ணெயிற் கழுவுவோர் உளர். தாளுக்குள் ஏறிய துகள் கழுவுவதாற் போகாது. தாளின் பசையே இளகும். அதனை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் வடிகட்டியையும் மாற்றுக. கடும்பாவனைக்குப் பல டீசல் கெப் வண்டிகளின் கைநூல்கள் 5,000 கிலோமீற்றர் அளவை வகுத்துள்ளன. உங்கள் கைநூல் கூறுவதே முடிவானது. டீசல் எண்ணெயைக் கறுப்பாக்கும் புகைக்கரி வடிகட்டியிற் பிடிபடாத அளவு நுண்ணியது. அதனால் எவ்வளவு சிறந்த வடிகட்டியும் பழைய எண்ணெயைப் புதிதாக்காது. புழுதி எஞ்சினுக்குள் வரும் பெருவாயில் காற்று வடிகட்டியாதலால், அதுவும் கிழிந்திருக்கலாகாது.

பொருத்துமுன் எஞ்சினில் பழைய றப்பர் வளையம் ஒட்டியிருக்கின்றதா என்று கட்டாயம் பார்க்க. இரு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தால் ஓட்டத்தின்போது எண்ணெய் முழுவதும் பீறிட்டு வெளியேறிவிடும். புதிய வளையத்தில் சிறிது எண்ணெய் தடவிக் கையாலேயே திருகுக. வளையம் படிந்தபின் பொதுவாக முக்காற் சுற்றுப் போதும். வடிகட்டியின்மேல் வேறு அளவு அச்சிடப்பட்டிருப்பின் அதனையே பின்பற்றுக. எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, கசிவைப் பார்த்து, நிறுத்திச் சில நிமிடங்களின் பின் எண்ணெய் மட்டத்தை மீண்டும் அளக்க. வடிகட்டி நிரம்பியதால் மட்டம் சற்று இறங்கியிருக்கும்.

வடித்த பழைய எண்ணெயைப் புல் அழிப்பதற்கென வரம்பில் ஊற்றுவதும், வாய்க்காலிற் கொட்டுவதும் நெற்பயிருக்கும் நீருக்கும் கேடாகும். கெட்டம்பேயிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கண்டி மக்களுக்குக் குடிநீர் எடுக்கப்படுவது மகாவலியிலிருந்தே. நம் வாய்க்கால்கள் பலவும் அங்கேதான் சேர்கின்றன. எண்ணெயை மூடியுள்ள கலனில் அடைத்து, வடிகட்டியை ஓரிரவு கவிழ்த்து வடியவிட்டு, கழிவெண்ணெய் சேகரிக்கும் கராஜிலோ எண்ணெய் மாற்றும் நிலையத்திலோ ஒப்படைக்கலாம்.