முழங்காலின் பின்னே நெரிபடும் தமனி

மகனின் அறுவை சிகிச்சைக்காக, வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முறித்துப் பெற வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். காவலர் தேர்வுக்காக நாள்தோறும் ஓடிப் பயின்ற இளைஞர் அவர் மகன். "ஓடினால் கெண்டைக்கால் கல்லாய் இறுகும், நின்றால் சரியாகிவிடும். தசைப்பிடிப்பு என்று ஓராண்டு தைலம் தேய்த்தோம்" என்றார் தந்தை. உண்மையில் நெரிபட்டது தமனி.

காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முதன்மைத் தமனி, முழங்காலின் பின்குழியில் கெண்டைக்கால் தசையின் இரு தலைகளுக்கு இடையே இறங்குகிறது. கரு வளரும்போது தமனியோ தசையோ இடம் பிறழ்ந்து அமைந்தால், பாதத்தை ஊன்றி உந்தும்போதெல்லாம் தசை தமனியை அழுத்தும். 1879-இல் எடின்பரோ மருத்துவ மாணவர் ஆண்டர்சன் ஸ்டூவர்ட், துண்டிக்கப்பட்ட கால் ஒன்றில் இதனைக் கண்டு விவரித்தார். 1959-இல் நெதர்லாந்தின் ஹாமிங், 12 வயதுச் சிறுவனுக்கு அறுவை சிகிச்சை செய்து இதனைச் சரிசெய்தார்.

நடக்கையில் வலி, பாதம் குளிர்தல், மரத்துப்போதல் ஆகியவை இதன் அறிகுறிகள். படுத்திருக்கும்போது நாடித்துடிப்பு இயல்பாகவே இருக்கக்கூடும். ஆகவே பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் செய்து, டாப்ளர், சிடி அல்லது எம்ஆர் ஆஞ்சியோகிராம் எடுக்கின்றனர். இரு கால்களிலும் இக்குறை இருக்கக்கூடும் என்பதால் மறு காலையும் சோதிப்பது வழக்கம்.

தமனி சிதையாத நிலையில், நெரிக்கும் தசையையோ நார்ப்பட்டையையோ வெட்டி விடுவித்தாலே போதும். காலந்தாழ்ந்து தமனி சுருங்கியோ, புடைத்தோ, உறைகட்டியால் அடைபட்டோ போனால், நோயாளியின் காலிலிருந்தே எடுத்த சிரையைக் கொண்டு மாற்றுப்பாதை அமைக்கவேண்டும். ஸ்டென்ட் மட்டும் வைப்பது பொதுவாகத் தீர்வாகாது. நெரிக்கும் தசை அங்கேயே இருக்கிறதல்லவா?

இனி, பணம் பற்றி. மருத்துவக் காப்பீட்டில் பிறவிக் குறைகள் வெளியே தெரிபவை, உள்ளே அமைந்தவை என இருவகைப்படும். இஃது இரண்டாம் வகை. இரண்டுக்கும் விதிகள் வேறாகலாம் என்பதால், பத்திரத்தின் விலக்குப் பகுதியைப் படித்து, அறுவை சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலைக் கேட்டுப் பெறுதல் நன்று.

அந்தத் தந்தையும் வைப்புத்தொகையை முறிக்கவில்லை. அதன்பேரிலேயே கடன் பெற்றுச் சென்றார். வைப்புக்கு வட்டி தொடர்கிறது. கடனுக்குத் தீர்வு உண்டு. காலங்கடந்து சிதைந்த தமனியைப் பழைய நிலைக்குக் கொணர்தல் அரிது. இளையோர் காலில் ஓட்டத்தின்போது மட்டும் வலி தோன்றினால், தைலத்தோடு நின்றுவிடாமல் இரத்தநாள மருத்துவரை நாடுங்கள்.