சிகரெட் விலை ஏறினால் பீடி... கஞ்சா விலை இறங்கினால்?

கிணத்துக்கடவு, பொள்ளாச்சி சாலையோரப் பெட்டிக்கடைகளில் விடிந்ததுமே வியாபாரம் தொடங்கிவிடும். மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுவந்தவர், கம்பெனிக்குப் பஸ் பிடிப்பவர், கல்லூரிப் பையன் என வருகிறவர்களில் பலரும் கேட்பது ஒன்றுதான்: ‘‘ஒரு டீ, ஒரு சிகரெட் குடுங்ணா!’’ முழு பாக்கெட் வாங்குபவர்கள் குறைவு. ஒற்றை சிகரெட்டின் விலை இரண்டு ரூபாய் ஏறினாலும் கை உடனே பீடிக்கட்டுப் பக்கம் போய்விடும்.

புகையிலைப் பொருள்களின் விலை 10 சதவிகிதம் ஏறினால், நம்மைப் போன்ற நாடுகளில் பயன்பாடு சுமார் 5 சதவிகிதம் குறையும் என்கிறது உலகக் கணக்கு. ஆனால், பக்கத்திலேயே மலிவான மாற்று இருந்தால்? 2016-17 தேசிய ஆய்வின்படி இந்தியாவில் சிகரெட் பிடிப்போர் 4 சதவிகிதம். பீடி பிடிப்போர் 7.7 சதவிகிதம். இந்நிலையில்தான் 2025 செப்டம்பரில் சிகரெட்டுக்கு ஜி.எஸ்.டி 40 சதவிகிதம் என்றும், பீடிக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைப்பு என்றும் முடிவெடுத்தது ஜி.எஸ்.டி கவுன்சில். பீடி சுற்றும் தென்காசி, நெல்லைப் பெண்களின் கூலியை நினைத்தால் இதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால், பிடிப்பவரின் நுரையீரலுக்கு அந்த நியாயம் புரியாது. பீடி அடிக்கடி அணையும். அணையாமலிருக்க ஆழமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அளவில் சிறியது என்றாலும் நிகோடினும் தாரும் சிகரெட்டைவிட அதிகமாகவே உள்ளே போகின்றன.

சரி, கஞ்சாவுக்கும் புகையிலைக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே உண்டு. சிகரெட்டையோ பீடியையோ காலிசெய்து, அந்தத் தூளோடு கஞ்சாவைக் கலந்து திரும்ப அடைப்பதுதான் இங்கே பலரின் வழக்கம். கஞ்சா கிடைக்காத நாளிலும் நிகோடின் பழக்கம் விடாது. ‘சும்மா ஒருநாள்’ என்று ஆரம்பித்த பையன், கஞ்சாவை விட்ட பிறகும் சிகரெட்டில் நிற்பது இப்படித்தான்.

கனடா 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சாவைச் சட்டப்படி விற்கிறது. முதலில் அரசு அனுமதித்த கடைகளைவிடக் கள்ளச்சந்தையில்தான் விலை குறைவு. பிறகு கடை விலை இறங்க, ஆட்கள் மெள்ள அங்கே மாறினார்கள். அதனால் சிகரெட் பழக்கம் கூடிவிட்டதா? இல்லை, ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்தது தொடர்ந்து குறையவே செய்தது. ஆனால், அங்கே புகையிலை கலக்காமல் கஞ்சா பிடிப்பவர்கள் ஏராளம். கலந்து பிடிக்கும் ஐரோப்பாவுக்கோ நமக்கோ அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. கஞ்சா மலிந்தால், கூடவே புகையிலையும் வரும்.

நம் நாட்டிலும் ஒருகாலத்தில் லைசென்ஸ் கடைகளில் கஞ்சா விற்றது. முழுத் தடை விதித்தால் மக்கள் அதைவிட மோசமான போதைக்குப் போவார்கள், அளவாக வரி போடுவதே மேல் என்றது, 1893-94-ல் விசாரித்த ஆங்கிலேய அரசின் கமிஷன். 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அந்தக் கதவை மூடியது. இன்று ஒரு கிலோவுக்குள் பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் என்றால் 10 முதல் 20 ஆண்டுகள்.

பையனின் சட்டைப்பையில் பாதி காலியான சிகரெட்டோ, சுருட்டும் பேப்பரோ கிடைத்தால், அடிப்பதற்கு முன் எதைப் பிடிக்கிறான், எதோடு கலக்கிறான் என்று கேட்பது நல்லது. இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தேவைப்படலாம். புகையிலையை விடுவதற்கான இலவச ஆலோசனை எண் 1800-11-2356. அந்த எண் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. ஒற்றையாக வாங்குபவரின் கண்ணில்தான் அது படுவதில்லை.